வீடற்றோருக்கான அரசுத் திட்டங்கள் பலிக்கின்றனவா? எண்களைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தின் கடைசிப் பத்து நாட்களுக்குள் ஓர் இரவைக் குறித்துக்கொண்டு, நாடு முழுவதும் வீடில்லாமல் இருப்பவர்களை எண்ணுகிறார்கள். 2024-ல் எண்ணியபோது 7,71,480 பேர் இருந்தார்கள். முந்தைய ஆண்டைவிட 18 சதவீதம் கூடுதல். 2007-ல் இந்தத் தேசியக் கணக்கு தொடங்கிய பிறகு இதுவே உச்சம். அரசு செலவழித்த பணமெல்லாம் வீண் என்ற பேச்சு உடனே எழுந்தது.

அதே அறிக்கையில் அதிகம் கவனிக்கப்படாத இன்னோர் எண்ணும் இருந்தது. வீடற்ற முன்னாள் படைவீரர்கள் 2010-ல் சுமார் 74,000 பேர். 2024-ல் 32,882 பேர். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அவர்களைத் தனியாக எண்ணத் தொடங்கிய பிறகு பதிவான மிகக் குறைந்த எண்ணிக்கை அதுதான்.

ஒரே நாடு, ஒரே காலம், ஒரே வாடகைச் சந்தை. மொத்த எண்ணிக்கை ஏறுகிறது, அதற்குள்ளேயே ஒரு பிரிவினரின் எண்ணிக்கை சரிகிறது. அரசு முயற்சி பலிக்கிறதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்க முடியும் என்று புரிந்துகொண்டால், சென்னை நடைபாதைகளைப் பற்றியும் தெளிவாகப் பேச முடியும். அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

## யாரை வீடற்றவர் என்று எண்ணுகிறார்கள்?

குடிசையில் வாழ்பவர், பிச்சையெடுப்பவர், நடைபாதையில் படுப்பவர் ஆகிய மூவரையும் ஒரே கூட்டமாகப் பேசுவது நம்மிடம் பழகிப்போயிருக்கிறது. கணக்கெடுப்பில் அப்படியில்லை. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீடற்றோர் என்பவர்கள் எந்தக் கட்டடத்திலும் குடியிருக்காதவர்கள். சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, பெரிய சிமென்ட் குழாய்களின் உள், கோயில் வாசல், ரயில் நிலைய நடைமேடை ஆகிய இடங்களில் திறந்தவெளியில் இரவைக் கழிப்பவர்கள். 2011 பிப்ரவரி 28-ஆம் தேதி இரவில் இவர்களை எண்ணியபோது நாடு முழுவதும் 17,73,040 பேர் இருந்தார்கள். குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தவர்களோ அதே கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6.5 கோடி. குடிசைவாசிக்கு ஓட்டையானாலும் ஒரு கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, பெரும்பாலும் ரேஷன் அட்டை இருக்கிறது. நடைபாதையில் படுப்பவருக்கு இவை எதுவுமில்லை. இருவருக்கும் ஒரே திட்டம் பொருந்தாது.

பிச்சையெடுப்பவர்கள் என்ற எண்ணமும் பெருமளவு தவறு. இந்திய நகரங்களில் தெருவில் உறங்குபவர்களில் மிகப் பலர் பகலில் உழைப்பவர்கள். சரக்கு ஏற்றி இறக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவுகிறார்கள், கட்டட வேலைக்குப் போகிறார்கள், பழைய காகிதமும் பிளாஸ்டிக்கும் பொறுக்குகிறார்கள். வருமானம் இருக்கிறது. அந்த வருமானத்துக்கு அந்த நகரத்தில் ஓர் அறை கிடைப்பதில்லை.

நாட்டுக்கு நாடு அளவுகோலும் மாறுகிறது. அமெரிக்காவின் அந்த ஜனவரி இரவுக் கணக்கில் தெருவில் இருப்பவர்களும் காப்பகங்களில் இருப்பவர்களும் சேர்கிறார்கள். 2024-ன் 7,71,480 பேரில் 4,97,256 பேர் காப்பகங்களில் இருந்தவர்கள். பின்லாந்து இன்னும் ஒரு படி மேலே போகிறது. சொந்தமாக இடமில்லாமல் நண்பர் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் தற்காலிகமாக ஒண்டிக்கொண்டிருப்பவரையும் வீடற்றவராக எண்ணுகிறது. அங்கே கணக்கில் வருபவர்களில் பெரும்பான்மையினர் இப்படிப்பட்டவர்களே. அதே அளவுகோலை நம் நாட்டில் வைத்தால் எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே, ‘அந்த நாட்டில் இத்தனை பேர், நம் நாட்டில் இத்தனை பேர்தான்’ என்ற ஒப்பீட்டை எங்கே கேட்டாலும், எப்படி எண்ணினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: வீடற்றோர் தனிப் பிரிவினர். அவர்களில் பலர் உழைப்பாளிகள். எண்ணிக்கை, எண்ணும் முறையைப் பொறுத்தது.

## அணைக்கணக்கு

தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்கு மேட்டூர் அணை நிலவரம் பழக்கமானது. நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்று மூன்று எண்கள் வரும். அணை ஏறுமா இறங்குமா என்று அறிய விரும்பும் விவசாயி நீர்மட்டத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். வரத்தையும் வெளியேற்றத்தையும் சேர்த்துப் பார்ப்பார். மதகை எவ்வளவு திறந்துவிட்டாலும், கர்நாடகத்தில் மழை கொட்டி வரத்து அதைவிட அதிகமாக இருந்தால் மட்டம் ஏறத்தான் செய்யும்.

வீடற்றோர் கணக்கும் அப்படியே. ஓர் இரவில் எண்ணிக் கிடைப்பது இருப்பு. புதிதாக வீட்டை இழந்து தெருவுக்கு வருபவர்கள் வரத்து. தெருவையோ காப்பகத்தையோ விட்டு நிலையான வீட்டுக்குப் போகிறவர்கள் வெளியேற்றம். செய்திகளில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இருப்பு மட்டுமே.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி (மாவட்டம் போன்றது) அதிகாரிகள் 2020-ல் வெளியிட்ட கணக்கு இதை நன்றாகக் காட்டுகிறது. அங்கே நாளொன்றுக்குச் சராசரியாக 207 பேர் வீடற்ற நிலையிலிருந்து வெளியேறினார்கள். அதே நாளில் சராசரியாக 227 பேர் புதிதாக அந்த நிலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆண்டுக்கு 75,000 பேர் வெளியேறுவது சிறிய வேலையல்ல. ஆனாலும் இருப்பு கூடிக்கொண்டே போனது. அங்கே வேலை செய்தவர்கள் தோற்றுவிட்டார்கள் என்று சொல்வது அநியாயம். அவர்கள் மதகில் நின்றார்கள். வரத்துக்கு அணை போடும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

## வரத்து எங்கிருந்து வருகிறது?

குடி, போதை, மனநோய், சோம்பல் என்றுதான் பெரும்பாலோர் பதில் சொல்வார்கள். முதல் மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. தனி ஒருவர் ஏன் தெருவுக்கு வந்தார் என்று கேட்டால் அவை பதிலாகலாம். ஒரு நகரத்தில் மட்டும் ஏன் இத்தனை பேர் என்று கேட்டால் அவை பதிலாவதில்லை.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் ஏழ்மையான மாநிலங்களில் ஒன்று. போதைமருந்தால் இறப்போர் விகிதத்தில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. போதைதான் மூல காரணம் என்றால் அங்கே தெருவெல்லாம் வீடற்றவர்கள் நிறைந்திருக்க வேண்டும். அப்படியில்லை, மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அங்கே எண்ணிக்கை குறைவு. செல்வச் செழிப்பான கலிபோர்னியாவில் 2024-ல் சுமார் 1.87 லட்சம் பேர். நாட்டின் மக்களில் எட்டில் ஒருவர் வாழும் மாநிலத்தில், நாட்டின் வீடற்றோரில் ஏறத்தாழ கால்பங்கினர் இருக்கிறார்கள். முதல் மாநிலத்தில் வாடகை மலிவு. போதைக்கு அடிமையான ஒருவர்கூட அங்கே எங்கோ ஓர் அறையைப் பிடித்துவிட முடிகிறது. இரண்டாவதில் வேலைக்குப் போகிறவருக்கே அறை கிடைப்பது கடினம்.

ஒரு நகரத்தில் வீடு தேடுவோர் அதிகமாகவும், அவர்கள் வருமானத்துக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் குறைவாகவும் இருந்தால், சிலர் வெளியே நின்றே ஆக வேண்டும். யார் வெளியே நிற்பார்கள் என்பதை நோய், போதை, மணமுறிவு, வேலையிழப்பு, குடும்பத்தில் ஒரு சாவு ஆகியவை தீர்மானிக்கின்றன. எத்தனை பேர் நிற்பார்கள் என்பதை வாடகை தீர்மானிக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இந்தத் துறையின் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்க அரசு வாடகை பாக்கிக்காகக் குடியிருப்பவரை வீட்டைவிட்டு அனுப்புவதைத் தடுத்து, வாடகை உதவியும் வழங்கியது. அவை முடிந்தபின் வாடகை ஏறியது. 2022-ல் 5,82,462 ஆக இருந்த எண்ணிக்கை 2023-ல் 6,53,104 ஆனது. 2024-ல் நியூயார்க், சிகாகோ, டென்வர் நகரங்களுக்கு வந்த புகலிடம் தேடுவோரும், ஹவாயில் 2023 ஆகஸ்டில் மாவி தீவை எரித்த தீயில் வீடிழந்தவர்களும் சேர்ந்தார்கள். எல்லாமே வரத்து.

சென்னையில் வரத்துக்கு இன்னொரு வாசல் இருக்கிறது: அட்வான்ஸ். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இங்கே நெடுநாள் வழக்கம். 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனாலும் அதற்கு மேல் கேட்கும் உரிமையாளர்கள் ஏராளம். மாதம் நாலாயிரம் வாடகை கொடுக்கக்கூடிய கூலித் தொழிலாளிக்கு ஒரே தவணையில் நாற்பதாயிரம் புரட்டுவது முடியாத காரியம். மாத வாடகைக்கு வக்கிருந்தும் அவர் தெருவில் இருப்பதற்கு இதுவே போதும்.

சுருக்கமாக: இருப்பு என்பது வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டால் ஏறி இறங்குவது. தனிமனிதத் துயரங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன. வாடகை எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது.

## காப்பகம் எங்கே நிற்கிறது?

அணைக்கணக்கில் இரவுக் காப்பகம் எந்தப் பக்கம்? வரத்தைக் குறைப்பதில்லை. வெளியேற்றமும் அல்ல; காப்பகத்தில் இருப்பவர் இன்னும் வீடற்றவர்தான். காப்பகம் செய்வது வேறு வேலை: உயிரைக் காப்பது. குளிரில், வெயிலில், மழையில் ஒருவர் சாகாமல் காலையில் எழுவதற்கு அது தேவை. குறிப்பாகப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு பூட்டிய கதவின் மதிப்பை வார்த்தையில் சொல்ல முடியாது. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. ஆனால் ‘இத்தனை காப்பகங்கள் திறந்தோம்’ என்பதை ‘இத்தனை பேரின் வீடற்ற நிலையை ஒழித்தோம்’ என்று யாராவது சொன்னால் அது தவறான கணக்கு. நியூயார்க் நகரில் காப்பகம் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்ற சட்டக் கடமை 1980-களிலிருந்து இருக்கிறது. அதனால் அங்கே தெருவில் படுப்போர் கலிபோர்னியாவைவிட மிகக் குறைவு. வீடற்றோர் குறைவு என்று அதற்குப் பொருளல்ல. அவர்கள் காப்பகங்களுக்குள் இருக்கிறார்கள்.

## வெளியேற்றத்துக்கு இரண்டு வழிகள்

பழைய வழிக்குப் படிக்கட்டு முறை என்று பெயர். தெருவிலிருந்து காப்பகம், அங்கே குடியை விட்டால் தற்காலிக விடுதி, அங்கே ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் மேற்பார்வையுள்ள இல்லம், எல்லாவற்றிலும் தேறினால் கடைசியில் சொந்தச் சாவியுள்ள வீடு. கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு படியிலும் பலர் தவறி மீண்டும் தெருவில் விழுந்தார்கள். இரவு எங்கே படுப்பது என்று தெரியாத ஒருவரால் மருந்தை வேளை தவறாமல் சாப்பிட முடியாது. மருந்துப் பையே திருடு போய்விடும்.

1992-ல் நியூயார்க்கில் சாம் ட்செம்பெரிஸ் என்ற உளவியலாளர் வரிசையை மாற்றினார். நிபந்தனையில்லாமல் முதலில் வீடு. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரிலேயே. அதன்பின் மருத்துவம், ஆலோசனை, வேலை உதவி எல்லாம் வீடு தேடி வரும். ஏற்றுக்கொள்வது அவர் விருப்பம். இதற்கு வீடு முதலில் என்று பெயர்.

உணர்ச்சியால் மட்டும் ஏற்கப்பட்ட கொள்கை அல்ல இது. கனடா 2009 முதல் 2013 வரை வான்கூவர், வின்னிபெக், டொரண்டோ, மொன்ட்ரியல், மாங்டன் ஆகிய ஐந்து நகரங்களில் மனநோயுள்ள வீடற்றோர் 2,000 பேருக்கு மேல் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடத்தியது. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு ‘வீடு முதலில்’, மற்றவர்களுக்கு வழக்கமான சேவைகள். ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில் முதல் பிரிவினரில் 62 சதவீதம் பேர் முழுக் காலமும் வீட்டில் இருந்தார்கள். மற்றப் பிரிவில் 31 சதவீதம்.

அந்த முறை செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். வீடு கிடைத்ததால் மட்டும் போதைப் பழக்கம் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. இந்தச் சோதனையிலும் அந்த விஷயத்தில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. வீடு முதலில் என்பது வீட்டுப் பிரச்சினைக்கு மருந்து. அது எல்லா நோயையும் தீர்க்கும் என்று ஆதரவாளர்கள் சிலர் மிகைப்படுத்திப் பேசியது, எதிர்ப்பாளர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

## பின்லாந்து: இரண்டு முனைகளிலும் வேலை

ஐரோப்பாவில் வீடற்றோர் எண்ணிக்கை நெடுங்காலம் தொடர்ந்து குறைந்த நாடு என்றால் பின்லாந்துதான். 1980-களின் பிற்பகுதியில் அங்கே 18,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2023 முடிவில் 3,429 பேர். நாட்டின் மக்கள்தொகையோ 55 லட்சம்தான், நம்முடைய ஒரு பெரிய மாவட்டம் அளவு.

2008-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அவர்கள் செய்த துணிச்சலான காரியம், காப்பகங்களையே வீடுகளாக மாற்றியது. தலைநகர் ஹெல்சிங்கியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய 250 படுக்கை விடுதியை 81 தனிக் குடியிருப்புகளாகக் கட்டினார்கள். அங்கே இருப்பவர் வாடகைதாரர். ஒப்பந்தம் உண்டு, சாவி உண்டு, வாடகை செலுத்த அரசின் உதவித்தொகை உண்டு. ஹெல்சிங்கியில் 2008-ல் 558 ஆக இருந்த காப்பகப் படுக்கைகள் 2016-ல் 52 ஆகச் சுருங்கின.

வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். வரத்துப் பக்கம் நடந்த வேலை அதைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஹெல்சிங்கி நகரின் நிலத்தில் பெரும்பகுதி மாநகராட்சிக்குச் சொந்தம். புதிய குடியிருப்புப் பகுதி எழும்போதெல்லாம் அதில் ஒரு பங்கு குறைந்த வாடகை வீடுகளாக இருக்க வேண்டும் என்பது விதி. 1985-ல் நிறுவப்பட்ட ஒய் அறக்கட்டளை சாதாரண அடுக்ககங்களில் ஆங்காங்கே வீடுகளை வாங்கி வீடற்றோருக்கு வாடகைக்கு விடுகிறது. வாடகை பாக்கி விழுந்தவரை வெளியேற்றும் முன்பே அணுகி உதவ, வீட்டு ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கதையில் 2024-ல் ஒரு திருப்பம். எண்ணிக்கை 3,806 ஆக ஏறியது. பல ஆண்டுகள் தொடர்ந்து குறைந்த பிறகு முதல் ஏற்றம். ‘வீடு முதலில்’ கொள்கையை அவர்கள் கைவிடவில்லை. ஆனால் புதிய அரசு வாடகை உதவித்தொகையை வெட்டியது. மதகு திறந்தே இருந்தது; வரத்து கூடியது.

## படைவீரர் கணக்கின் விடை

இப்போது அமெரிக்காவின் இரண்டு எண்களுக்குத் திரும்பலாம்.

வீடற்ற முன்னாள் படைவீரருக்கு 2008-லிருந்து ஒரு கூட்டுத் திட்டம் விரிவாக நடக்கிறது. வீட்டுவசதித் துறை வாடகைச் சீட்டு தருகிறது. வாடகைச் சீட்டு என்றால், குடியிருப்பவர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுப்பார்; மீதியை அரசு நேரடியாக வீட்டு உரிமையாளருக்குச் செலுத்தும். படைவீரர் நலத்துறை மருத்துவமும் ஆலோசகரும் தருகிறது. வாடகை பாக்கியால் வீட்டை இழக்கவிருக்கும் படைவீரர் குடும்பங்களுக்கு அவசர உதவி தரும் தனித் திட்டமும் உண்டு. வெளியேற்றம், வரத்து இரண்டுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு நாடாளுமன்றத்தின் இரு கட்சிகளும் அதை ஆதரித்தன.

மற்றவர்களுக்கு? அமெரிக்காவில் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. மற்றவை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. முறை இரு தரப்புக்கும் ஒன்றே. ஒரு தரப்புக்குத் தேவைக்கு ஏற்ற அளவில் தரப்பட்டது. மறு தரப்புக்குக் கொஞ்சம் தரப்பட்டது.

ஹூஸ்டன் நகரமும் இதற்குச் சான்று. 2011-லிருந்து அங்கே எண்ணிக்கை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்தன. 25,000 பேருக்கு மேல் வீடுகளில் குடியேறினார்கள். கூடவே, ஹூஸ்டனில் வீடு கட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் மிகக் குறைவு, வாடகையும் கலிபோர்னியாவைவிட மிகக் குறைவு. லாஸ் ஏஞ்சலஸில் அதே உழைப்பு அதே பலனைத் தராமல் போனதற்கு இதுவே காரணம்.

மொத்த எண்ணிக்கை ஏறியதைக் காட்டி, ‘வீடு முதலில்’ தோற்றுவிட்டது என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள். 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் அந்தக் கொள்கைக்கான மத்திய அரசின் ஆதரவை நிறுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒரிகான் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில், பொது இடத்தில் படுப்பதற்கு அபராதம் விதிப்பது அரசமைப்புக்கு எதிரானதல்ல என்று 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்திருந்தது. பணம் செலவாகியும் எண்ணிக்கை ஏறுகிறதே என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. அவர்கள் எடுத்த மருந்துதான் பொருந்தவில்லை. அபராதம் வரத்தைக் குறைக்காது, வெளியேற்றத்தைக் கூட்டாது. ஒரு தெருவில் படுத்தவரை அடுத்த தெருவுக்குத் தள்ளும். கட்டாத அபராதம் பதிவாகி, நாளை அவருக்கு யாரும் வீடு தர மாட்டார்கள்.

## இந்தியாவில் என்ன நடந்தது?

2009 டிசம்பர் குளிரில் டெல்லி பூசா சாலை ரவுண்டானாவில் இருந்த தற்காலிகக் காப்பகத்தை மாநகராட்சி இடித்தது. வெட்டவெளியில் கிடந்தவர்கள் இறந்த செய்திகள் வந்தன. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் 2010 ஜனவரியில் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அதைத் தொடர்ந்த ஆணைகளில்தான் இன்று நமக்குப் பழகிய விதி பிறந்தது: பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், நூறு பேருக்கு இடம், ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும். சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகைக்கு அப்படிக் கணக்கிட்டால் அறுபதுக்கு மேல் வரும்.

2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அந்த விதியைத் திட்டமாக்கி நிதி ஒதுக்கியது. ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி, குடிநீர், கழிப்பறை, சமையலிடம் என்று தரம் வகுத்தது. பணம் போயும் பல மாநிலங்களில் வேலை நகரவில்லை. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழு அமைத்து ஆராயச் சொன்னது. செலவழிக்கப்படாத நிதியும் தாமதமும் அந்தக் குழுவின் கண்டிப்புக்கு ஆளாயின.

இத்தனையும் காப்பகத்தைப் பற்றியே. வெளியேற்றத்துக்கான வாசலாக எல்லோரும் சுட்டுவது 2015-ல் ‘2022-க்குள் அனைவருக்கும் வீடு’ என்ற முழக்கத்தோடு வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டம். நகர்ப்புறத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் வீடுகளுக்கு ஒப்புதல் தரப்பட்டது. பெரிய சாதனைதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றில் பெரும்பங்கு, சொந்த நிலம் வைத்திருப்பவர் அதில் வீடு கட்டிக்கொள்ள மானியம் பெறும் பிரிவு. நடைபாதைக் குடும்பத்திடம் நிலம் ஏது? அடுக்ககப் பிரிவில் பயனாளி தன் பங்கைக் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்று வேண்டும். நாட்டின் மிகப் பெரிய வீட்டுத் திட்டம், வீடே இல்லாதவரைத் தாண்டிப் போய்விட்டது. 2024-ல் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில் வாடகை வீடுகளுக்கென்று ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது. தெருவில் இருப்பவருக்குப் பயன்படக்கூடியது அந்தப் பிரிவுதான். அதில்தான் என் கண் இருக்கிறது.

சென்னையின் ஜார்ஜ் டவுன் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே வாழும் குடும்பங்கள் உண்டு. அங்கேயே பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே பேரன் பேத்தி கண்டவர்கள். காப்பகத்தில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றால் கணவனும் மனைவியும் குழந்தைகளும் சேர்ந்து போக முடியாது. நகரின் தெற்கு விளிம்பில் கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ வீடு தந்தால், விடியற்காலையில் சந்தையில் சுமை தூக்கப் போகிறவருக்குப் பிழைப்பு போய்விடும். அவர் திரும்பி வருவதை ‘கொடுத்த வீட்டில் இருக்கத் தெரியாதவர்கள்’ என்று ஏசுவது எனக்கு வேதனை தருகிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் பஸ் கட்டணத்தையும் நேரத்தையும் கணக்கில் சேர்க்காத வீடு அவர்களுக்குக் கட்டுப்படியாகாத வீடுதான்.

நம்பிக்கை தரும் முயற்சியும் சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. மனநோயுடன் தெருவில் திரியும் பெண்களுக்காக 1993-ல் தொடங்கப்பட்ட தி பான்யன் அமைப்பு, 2015-லிருந்து ஒரு முறையைச் செயல்படுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் நிறுவனங்களுக்குள் அடைபட்டிருந்த பெண்கள், சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில், நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு குடும்பம் போல வாழ்கிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர் இருப்பார். பக்கத்து வீட்டாரோடு பேச்சு, கடைக்குப் போவது, தங்களுக்குப் பிடித்ததைச் சமைப்பது எல்லாம் உண்டு. ஹெல்சிங்கியில் செய்ததன் சாரம் இங்கேயும் நடக்கிறது, நம் ஊர் வாழ்க்கைக்கு ஏற்ற வடிவத்தில்.

## பலித்ததா என்று எப்படித் தெரியும்?

2001-ல் 19.43 லட்சமாக இருந்த இந்தியாவின் வீடற்றோர் 2011-ல் 17.73 லட்சமாகக் குறைந்தார்கள். ஆனால் அந்தக் குறைவு கிராமங்களில் நடந்தது. நகரங்களில் 7.78 லட்சத்திலிருந்து 9.38 லட்சமாக ஏறியது. காப்பகத் திட்டமும் வீட்டுத் திட்டமும் வந்தது அதற்குப் பிறகுதான். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. 2011 பிப்ரவரி இரவுக்குப் பிறகு நாடு தழுவிய எண்ணிக்கையே எடுக்கப்படவில்லை. எனவே இந்தத் திட்டங்கள் இருப்பைக் குறைத்தனவா என்று மத்திய அரசோ எதிர்க்கட்சியோ அறுதியிட்டுச் சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை.

புதிய எண்ணிக்கை வந்தாலும் அது இருப்பு மட்டுமே. வரத்தையும் வெளியேற்றத்தையும் அறிய மாநகராட்சிகள் ஆண்டுதோறும் இரண்டு விஷயங்களைப் பதிவு செய்தால் போதும். இந்த ஆண்டு முதல்முறையாகத் தெருவுக்கு வந்தவர்கள் எத்தனை பேர், எந்தக் காரணத்தால். காப்பகத்திலிருந்து வாடகை வீட்டுக்கோ குடும்பத்துக்கோ போனவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஓராண்டு கழித்தும் அங்கேயே இருப்பவர்கள் எத்தனை பேர். காப்பகத்தில் சேரும்போது எப்படியும் பெயர் எழுதுகிறார்கள். அதே பதிவேட்டில் இன்னும் இரண்டு கட்டங்கள் போட்டு, ஓராண்டு கழித்து ஒருவரை விசாரிக்க அனுப்பினால் இது கிடைத்துவிடும். அடுத்த முறை உங்கள் வட்டாரத்தில் ஒரு காப்பகம் திறக்கப்படும்போது, வார்டு உறுப்பினரிடம் படுக்கை எண்ணிக்கையோடு இதையும் கேளுங்கள்.